போய்ச் சேராத குரல்

"நெட்வொர்க் இன்ஜினியரைக் கட்டிக்கிட்டு என்ன புண்ணியம்? டீம் பேசுறது எனக்குக் கேக்குது. நான் மூச்சு விடாம பேசுறேன், யாருக்கும் போய்ச் சேரலையாம்," என்று அலுத்துக்கொண்டார் கணவர். வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங் நடத்தும் மேனேஜர்.

"இந்த பில்டிங்ல எல்லா வீட்டு வைஃபையும் ஒரே நேரத்துல கத்துதுங்க. அந்தக் கூச்சல்ல உங்க குரல் அமுங்கிப்போயிருக்கும். உங்களுக்குத் தனி சேனல் ஒதுக்கிடறேன்," என்றாள் மனைவி.

அடுத்த மீட்டிங்கிலும் அதே கதைதான். "சார், உங்க குரல் வரல," என்றது டீம். வேறு வழியில்லாமல் அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை வாயே திறக்காத புதுப் பெண், புராஜெக்டில் எல்லோரும் மாசக்கணக்கில் தேடிய கோளாறு எங்கே என்று சொன்னாள்.

வாரக் கடைசியில் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. டீமைப் பேசவிடுகிற மேனேஜராம்.

"இனி லைனைச் சரி பண்ணாத. இப்படியே இருக்கட்டும்," என்று சிரித்தார்.

மனைவி தயங்கினாள். "சேனல் மாத்தின அன்னைக்கே சரியாயிடுச்சுங்க. ரௌட்டர்ல பார்த்தேன். நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம போயிருக்கு."

"அப்போ அத்தனை பேரும் கேக்கலைன்னு..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் புதுப் பெண் கேட்டாள். "சார், நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லா கேக்குதும்மா. என் குரல்தான் இன்னும் உங்களுக்கு வராது. நீங்களே பேசுங்க."

"சரி சார்," என்றார்கள் எல்லோரும்.