வால் கணக்கு

எலிச் சிறைக்கு இரண்டு பூனைகள் காவல். பெரியவர் சாம்பலார், சின்னவன் செவலை. உள்ளே ஐந்து எலிகள். அதில் ஒன்று, பார்க்க வந்த பெண்டாட்டி கொண்டுவந்த இரண்டு கருவாட்டை நீட்டிவிட்டு வெளியே போய்விட்டது. பூனைகள் ஆளுக்கொன்றாகத் தின்று வாயைத் துடைப்பதற்குள், சோதனைக்கு ஆட்டு அதிகாரி வந்துவிட்டார்.

அவருக்குச் சிறை நாற்றம் ஆகாது. தூரத்தில் நின்று, கம்பிக்கு வெளியே நீட்டியிருக்கும் வால்களைத்தான் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் இருவருக்கும் வேலை போச்சு.

"ஓடு, உள்ளே போய் வாலை நீட்டு!" என்று செவலையைத் தள்ளிப் பூட்டினார் சாம்பலார்.

அதிகாரி எண்ணினார். "ஐந்து. சரிதான். கடைசி வால் மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?"

"நம்ம சாப்பாடு அப்படிங்க ஐயா."

அதிகாரி பூரித்துப்போய், 'உணவு மிக நன்று' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்.

"அப்பாடா! கதவைத் திறங்கண்ணே," என்றான் செவலை.

சாம்பலார் சாவியைச் சுழற்றினார். "கருவாடு இருக்கா?"

"அண்ணே! நான் நம்ம டிபார்ட்மென்ட்!"

"அதனாலதான்டா ஒண்ணு கேக்கறேன். வெளியாளுக்கு ரெண்டு."