பழைய எண்

"எனக்குச் சம்மதம் இல்லை சார்" என்றாள் தோழி.

பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த யாரோ தட்டுவதை நிறுத்தினார்.

அதுவரை மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சரி சொல்லி வந்திருந்தார்கள். கணக்குத் துறை சரி. மருத்துவமனைகளின் சார்பில் வந்த டாக்டர் சரி. வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர், பாவம், அரைத் தூக்கத்தில் இரண்டு முறை சரி. மிச்சம் இருந்தது ஆம்புலன்ஸ் அழைப்பு மையம். அதன் பொறுப்பாளர்தான் இந்தத் தோழி.

ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தவள் திட்ட மேலாளர், அந்தத் தோழிக்குத் தோழி. இந்தத் திட்டத்தை இடுப்புப் பிள்ளையைப்போலச் சுமந்து வளர்த்தவள்.

இனி ஆம்புலன்ஸுக்கு யாரும் யாரோடும் பேச வேண்டாம். கைப்பேசியில் செயலியைத் திறந்து, கேட்கிற நாலு கேள்விக்கு விரல் வைத்தால் வண்டி தானே வாசலில் வந்து நிற்கும். திங்கட்கிழமை முதல், இதுவரை கூப்பிட்டுப் பேசிவந்த பழைய ஃபோன் எண்ணை அணைத்துவிடுவார்கள்.

அணைத்தால் மேலாளருக்குத் துணை இயக்குநர் பதவி. அணைக்காவிட்டால் திட்டம் வேறு கைக்குப் போய்விடும். இதை இயக்குநர் காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"கடைசியா கேக்கப்போறது உங்க ஃப்ரெண்டைத்தானே. அவங்க எங்க போயிடப் போறாங்க?" என்றும் சொல்லியிருந்தார்.

இந்த இருவரும் எப்படிப்பட்ட பிறவிகள் என்று அவருக்குத் தெரியாது.

கல்லூரி விடுதியில் ஒரே அறை. இன்றைக்கும் ஒருத்தி வீட்டுச் சாவி மற்றவள் கைப்பையில் கிடக்கும். திட்டம் ஆரம்பித்த அன்றே பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பார்த்தது, கேட்டது எதுவும் இந்தக் கூட்ட அறைக்குள் வரக்கூடாது. இந்த அறையின் சண்டை வீட்டுக்கு வரக்கூடாது.

அதனால் பகலில் இங்கே முட்டிக்கொண்ட நாட்களிலும், சாயங்காலம் ஒருத்தி மற்றவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். உலகத்துக் கதையெல்லாம் பேசுவார்கள், பகல் சங்கதியை எடுக்க மாட்டார்கள்.

அறைக்குள் 'மேடம்', 'நீங்க'தான். ஒருமுறை மேலாளர் வாய் தவறி "ஏண்டி" என்று ஆரம்பித்து "ஏன்... மேடம்" என்று முடித்ததை அலுவலகம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

"காரணம்?" என்றார் இயக்குநர். காரணத்தோடு மறுத்தால் திட்டம் நிற்கும். காரணம் நிலைக்காவிட்டால் மறுப்பைக் குறித்துக்கொண்டு மேலே போய்விடலாம். அந்த அலுவலகத்து வழக்கம் அது. "எத்தனை தடவை சோதிச்சுப் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பலியே."

"சோதனையில யாரும் பயந்துபோய்க் கூப்பிடலியே சார். பயந்தவங்களுக்கு முதல்ல ஒரு குரல் வேணும். கேள்வியைப் படிக்கிற நிலைமையில இருக்க மாட்டாங்க. ரெண்டும் சேர்ந்து ஓடட்டும். பழைய நம்பரை அணைச்சிடாதீங்க."

"உங்க ஆளுங்களுக்கு வேலை போயிடுமேன்னு பார்க்கறீங்க. அதை நேராவே சொல்லிடலாமே" என்றார் இயக்குநர்.

தோழி தண்ணீர்க் குவளையைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"சரி. செயலி நல்லாத் தெரிஞ்சும் பயத்துல தடுமாறின ஆள்னு ஒருத்தரைக் காட்டுங்க. ஒரே ஒருத்தர் போதும், இன்னைக்கே நிறுத்திடறேன்."

"காட்ட முடியாது சார்" என்றாள் தோழி.

கணக்குத் துறை பெருமூச்சு விட்டது. டாக்டர் சங்கடத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப இது வெறும் அபிப்பிராயம். குறிச்சுக்கிட்டு மேல போகலாம்" என்றார் இயக்குநர்.

தோழி சரி என்பதுபோலத் தலையசைத்தாள். ஒரு தடவைகூட அவள் கண் மேலாளர் பக்கம் வரவில்லை. தவறிக்கூட வரவில்லை.

மேலாளர் அதைக் கவனித்தாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டதால், இவளை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த நாற்காலியில் இருந்தவள் உயர்ந்துகொண்டே போனாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை வந்துவிடும், பதவியும் வந்துவிடும். தோழி வழக்கம்போலச் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வீட்டுக்கு வருவாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். முகத்தில்கூடக் காட்ட மாட்டாள்.

அதை நினைத்தபோதுதான் மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எழுந்து நின்றாள். குறிப்பெழுதுகிறவர் கை நின்றது.

"ஒருத்தர் இருக்காங்க சார். நான்தான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரம் எங்க அப்பா, சாப்பிட்டுக்கிட்டே இருந்தவர், அப்படியே சரிஞ்சுட்டார். ஃபோன் கையிலதான் இருந்தது. அந்தச் செயலியில ஒவ்வொரு பக்கமும் நான் பார்த்து முடிவு பண்ணினது. முதல் கேள்வியையே என்னால படிக்க முடியல சார். எழுத்தே தெரியல. பழைய நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்து, 'பயப்படாதீங்க, மூச்சு வருதா பாருங்க'ன்னு சொன்னா. அதுக்கப்புறம்தான் எனக்குக் கை காலே ஓடுச்சு. அப்பா இப்ப வீட்டுல இருக்கார்."



அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, வண்டி வரும்வரை அப்பாவின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்த தோழி, இதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவளைப்போல நிமிர்ந்து பார்த்தாள்.