பொட்டு வைத்த கார்டு

பீப் என்றது.

அவர் காத்திருந்தார்.

திரை நீலமானது. சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எங்கும் தடுமாறவில்லை. ஒரு மாதமாகப் பாதியிலேயே உறைந்து நின்று உயிரை எடுத்த பழைய கணினி, இன்றைக்குப் புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக எழுந்து நின்றது.

குரல் மட்டும் வரவில்லை.

அணைத்தார். மறுபடி போட்டார்.

பீப்.

மேசையில் ஒரு மெமரி கார்டு கிடந்தது. அதன் மேல் நெயில் பாலிஷில் சிவப்பாக ஒரு பொட்டு.

சௌந்தரம் வைத்த பொட்டு.

அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கார்டைச் செருகியிருந்தார். கணினியின் உயிர் முழுக்க அதில்தான். அதற்கு ஒரு நகல் கார்டும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் மனைவியிடம் சொல்லிப் பொட்டு வைத்துக்கொண்டார். பொட்டு வைத்தது அசல். வைக்காதது நகல். நகலெடுக்கும் கருவியில் இடப்பக்கக் கார்டில் இருப்பது வலப்பக்கக் கார்டில் பதியும்; அதனால் பொட்டு வைத்தது இடப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று பெருமையடிப்பார்.

இன்று அப்படித்தான் செய்தார்.

பழைய கணினிக்காரர்களின் குழுவில் அவ்வப்போது யாராவது வந்து அழுவார்கள், காலிக் கார்டை நிறைந்த கார்டின் மேல் நகலெடுத்துவிட்டேன் என்று. இவர்தான் முதல் ஆளாகக் கேலி செய்வார். உங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் இல்லையா என்று கேட்பார்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதைப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்கத்தான் அசலை எடுத்துவிட்டு நகலைச் செருகினார். நன்றாக ஓடியது. சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்.

சாயங்காலம் சௌந்தரம் வந்து எட்டிப் பார்த்தாள். இது நம் குரலைக்கூடப் பிடிக்குமா என்று கேட்டாள். மைக்கை நீட்டினார். என்ன பேசுவதென்று தெரியாமல், தினமும் சொல்வதையே சொன்னாள்.

“ஏனுங்க, டீ ஆறுதுங்க.”

கணினி ஒவ்வொரு முறை எழும்போதும், பீப் ஒலிக்குப் பின் அதைச் சொல்லும்படி வைத்தார். தான் கத்துவது போதாதென்று இது வேறா என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கார்டை மாற்ற மறந்துபோனார்.

பிறகு ஆஸ்பத்திரி.

பிறகு அவள் இல்லை.

கணினி மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நாலு மணியானால் வந்து உட்கார்ந்து போடுவார். குரல் வரும். அணைப்பார். மறுபடி போடுவார். மகள் தாரணி கொண்டுவந்து வைக்கும் டீ பக்கத்திலேயே ஆடைகட்டிக் கிடக்கும்.

போன மாதத்திலிருந்து, குரல் வருவதற்கு முன்பே கணினி நின்றுபோகத் தொடங்கியது. சில நாள் நாலைந்து முறை போட்டால்தான் வந்தாள். கார்டு சாவதற்குள் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

இன்று மத்தியானம் கார்டைக் கழற்றினார். டிராயரில் கிடந்த மற்றதை எடுத்தார். இரண்டையும் மேசையில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பொட்டு தெரிந்தது. கை தானாக அதை எடுத்து இடப்பக்கம் செருகியது.

வேலை முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்றது கருவியின் திரை. நிம்மதியாக மூச்சு விட்டு, புது நகலைக் கணினியில் செருகினார்.

இப்போது பொட்டு வைத்த கார்டை விரலால் தடவிப் பார்த்தார். பாலிஷ் ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அது உள்ள கார்டில் அவள் பேசியதே இல்லை. பேசிய கார்டின் மேல் இவரே பழையதை எழுதி அழித்துவிட்டார்.

கடைசியாக ஒருமுறை போட்டார்.

பீப்.

சமையலறையிலிருந்து தாரணி கேட்டாள்.

“ஏனுங்கப்பா, இன்னைக்கு அம்மா கூப்பிடவே இல்லீங்களே?”

அவர் கணினியை அணைத்தார். எழுந்தார். சமையலறைக்கு நடந்தார்.

அவள் அப்போதுதான் டீயை வடிகட்டி முடித்திருந்தாள். அவர் அங்கே வந்து நிற்பதைப் பார்த்து டம்ளரை நீட்டினாள்.

நின்றபடியே குடித்தார்.

நாக்கு சுட்டது. டீ இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.