எவ்வளவு நேரம் ஓடும்?

"டேய், எனக்கு முட்டி வலி. சிடி கடைக்கு இன்னிக்கு நீதான் போகணும்" என்றார் அப்பா.

கண்டக்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"அப்பா, இன்னிக்கு ஃபுட்பால் ஃபைனல். எட்டு மணிக்கு ஆரம்பிச்சுடும். ஒரு வாரமாவது படத்துக்கு லீவு விடக் கூடாதா?"

"சனிக்கிழமைன்னா படம். ஏழு மணிக்குப் போட்டாகணும். கடையில என் பேரைச் சொல்லு, அந்தத் தம்பிக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

ஆறு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற மனிதர் கண்டக்டர். சனிக்கிழமை சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு மேட்ச் பார்ப்போம் என்றால், வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிவி. அதற்கும் சனிக்கிழமைகளில் முதலாளி அப்பாதான்.

அவர் போட்டு வைத்திருக்கிற சட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. கடைச் சாப்பாடு, பேப்பர் தட்டு. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் டிவி முன்னால் ஆஜராகிவிட வேண்டும். படம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது.

போன வாரம் கண்டக்டர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று மனைவியிடம் கேட்டுவிட்டார்.

"படம் ஓடறப்போ என்னடா பேச்சு? வாயை மூடிட்டுப் பாரு!" என்று ஒரு அதட்டல். கல்யாணமாகிப் பத்து வருஷமான மனுஷன், மனைவி எதிரிலேயே ஸ்கூல் பையன் மாதிரி திட்டு வாங்கிக்கொண்டு, தானே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

சரி, படமாவது பார்க்கிற மாதிரி இருக்குமா? எல்லாம் இழுவை. ஒரு படத்தில் கதாநாயகன் பிறப்பதற்கே இடைவேளை வந்துவிட்டது!

இதில் பெரிய கொடுமை, அப்பா படமே பார்ப்பதில்லை. எழுத்துப் போட்டு முடிவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிடும். ஆள்தான் தூங்கிவிட்டாரே என்று நைஸாக ரிமோட்டை எடுத்தால், "வை அதை" என்று குறட்டைக்கு நடுவிலேயே குரல் வரும்.

செருப்பை மாட்டிக்கொண்டே கண்டக்டர் மனைவியிடம் புலம்பினார். "நீயாவது உன் மாமனார்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"மாமா ஏதோ ஆசைப்பட்டுப் போடறார். விட்டுடுங்களேன்" என்றாள் அவள், அவருடைய யூனிஃபாரத்தைப் பிழிந்துகொண்டே.

"அதானே, நீ என்னைக்கு என் பக்கம் பேசியிருக்கே?"

தெருமுனை திரும்புவதற்குள் கண்டக்டருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. படம் போட வேண்டும், அவ்வளவுதானே? ஏழு மணிக்குப் போட்டு எட்டரைக்குள் முடிகிற படமாகப் போட்டுவிட்டால்? பாதி மேட்சாவது மிஞ்சும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சிடி கடை, ஓர் ஆள் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருந்தது. கூரை வரைக்கும் படங்கள்.

"ஒன்றரை மணி நேரத்துல முடியற மாதிரி ஒரு படம் குடுங்க" என்று ஆரம்பித்தவர், அப்பாவின் பேரையும் சொன்னார்.

"அடடே, பெரியவர் பையனா நீங்க?" என்ற கடைக்காரர் எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தாங்க சார். இதுல ரெண்டு சிடி. மூன்றரை மணி நேரம்."

கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன குடுக்கறீங்க? ஓ, எங்கப்பா தலையில வாராவாரம் இதையெல்லாம் கட்டிவிடறது நீங்கதானா? எவனும் எடுக்காத அறுவைப் படத்தையெல்லாம் வயசானவர்கிட்ட தள்ளிவிடறீங்களே, நியாயமா?"

கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல படமா எடுத்துக் குடுத்தா அவர்தான் சார் வேண்டாங்கறார். நடிகர் யாருன்னு கேக்க மாட்டார். கதை என்னன்னு கேக்க மாட்டார். 'எவ்வளவு நேரம் ஓடும்?' இது ஒண்ணுதான் கேப்பார். மூணு மணி நேரத்துக்குக் கம்மின்னா கையாலகூடத் தொட மாட்டார்."

"அவர் படம் பாக்கறதே இல்லைங்க! போட்ட உடனே தூங்கிடறார். தூங்கற மனுஷனுக்கு எதுக்குங்க மூன்றரை மணி நேரப் படம்?"

"நானும் ஒருநாள் மனசு கேக்காம அதைத்தான் சார் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

கடைக்காரர் இரண்டு சிடியையும் துடைத்து உறையில் போட்டார்.

"'வீட்டுல படம் ஓடினாத்தான் தம்பி என் மருமக உட்கார்றா. அவ மாமியாரையும் ஒருநாள் இப்படி உட்கார வைக்கணும்னு எனக்குத் தோணறதுக்குள்ள, அவ போய்ச் சேர்ந்துட்டா'ன்னார் சார்."