வெதுவெதுப்பான துக்கம்

"போயிட்டியே! எங்களையெல்லாம் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே!"

முன்வரிசையில் இருந்த நெட்டை மனிதரின் தோளில் விழுந்து நக்லே கதறிய கதறலில் தேவாலய மண்டபத்துச் சன்னல்கள் ஏழும் கிடுகிடுத்தன. அவர் வடித்த கண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் ஒரு ஆப்பிள் தோட்டத்துக்கே பாய்ச்சியிருக்கலாம்.

நெட்டையர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அழாதீங்கண்ணே. உங்க ஆயுசு கெட்டியா இருக்கட்டும். இப்படி வந்து பக்கத்துல உக்காருங்க."

'பக்கத்துல' என்றது கணப்பு அடுப்பை ஒட்டிக் கிடந்த நாற்காலியை. நக்லேயின் அழுகை அப்போதே பாதியாகக் குறைந்துவிட்டது.

இறந்தது யாரென்று அவருக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. வீட்டு அடுப்புக்கு ஊற்றும் மாசூத் எண்ணெய், பீப்பாயின் அடியைத் தொட்டுவிட்டது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். லெபனான் மலையில் அந்த வருஷம் பனி கழுதையின் காதுவரை நின்றது. ஈஸ்டருக்குள் பீப்பாய் காலியானால் கடற்கரைக்கு இறங்கி, மனைவியின் அண்ணன் வீட்டில் போய்க் கிடக்க வேண்டும். அந்த அண்ணன் ஒரு ரொட்டியை நீட்டினால் கூடவே முக்கால் மணி நேரப் புத்திமதியும் நீட்டுகிறவன்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் அடுப்பு," என்று மனைவி ஒடெட் காலையிலேயே சட்டம் போட்டிருந்தாள். "பகல்ல குளிருச்சுன்னா எங்கயாவது போய்க் காஞ்சுட்டு வாங்க."

"நீ என்ன பண்ணுவே?"

"எனக்குப் பூனை இருக்கு. மடியில போட்டுப்பேன்."

வீதிக்கு வந்து வானத்தைப் பார்த்தார் நக்லே. மண்டபத்துப் புகைபோக்கி ஜம்மென்று புகைந்துகொண்டிருந்தது. வார நாளில் அது புகைந்தால் ஊரில் துக்கம் என்று அர்த்தம். மூன்று நாள் உட்கார்ந்து துக்கம் விசாரிப்பார்கள், மூன்று நாளும் அடுப்பு எரியும். துக்க வீட்டாரிடம் போய் 'செத்தது யாரு?' என்று கேட்பதைப்போல மரியாதைகெட்ட காரியம் அந்த மலையில் வேறு கிடையாது. கேட்காமல் கைகுலுக்க வேண்டும், கேட்காமல் அழ வேண்டும். அவருக்கும் அதுதான் சௌகரியம்.

மண்டப வாசலில் சாவு நோட்டீஸ்கூட ஒட்டியிருக்கவில்லை. 'சிக்கனமான குடும்பம்,' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். 'ஆனா எண்ணெய் விஷயத்துல மகராசனுங்க!'

அடுப்பின் இரும்பு தக்காளி நிறத்தில் சிவந்திருந்தது. நாற்பது பேர் அதைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் கோட்டைக் கழற்றினார் நக்லே. இரண்டாவதையும் கழற்றினார். கிறிஸ்துமஸ் அன்று தொலைந்துபோன கால்விரல்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

அடுத்த நாற்காலியில் இருந்த லாரிக்கார பர்பர் காதருகே குனிந்தார். "உங்களுக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருக்கம்."

"எவ்வளவு நெருக்கம்?"

"கூடப் பொறக்காத குறைதான் போ!"

அதோடு வாயை மூடியிருக்கலாம். அது நெட்டையர் காதில் விழுந்துவிட்டது. "அண்ணே, உங்களை மாதிரி இங்க யாரும் அழல. நீங்கதான் நாலு வார்த்தை பேசணும்."

நக்லேக்கு அடுப்புப் பக்கத்திலேயே உடம்பு சில்லிட்டது. ஒரு சொல் பிசகினால் பனிக்குள் தூக்கி எறிவார்கள். அப்புறம் பீப்பாய் காலி, கடற்கரை, மைத்துனன், புத்திமதி. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"என்னத்தைச் சொல்ல! அந்த உயிரு யாருக்காச்சும் ஒரு கெடுதல் நினைச்சதுண்டா?"

"கிடையவே கிடையாது!" என்றார் பர்பர்.

"அடுத்தவன் வீட்டு அடுப்புல ஓசியில குளிர்காஞ்சதுண்டா?"

"ஒருநாளும் இல்ல!" என்று நாற்பது பேரும் சத்தியம் செய்தார்கள்.

"அந்தப் பேச்சு?"

"தேனு!"

"அந்த முகம்?"

"நிலா!"

"மூக்குதான் கொஞ்சம் பெருசு," என்றது கடைசி வரிசை.

"அதுவும் ஒரு அழகுதான்யா!" என்று நெட்டையர் அதட்டினார்.

நக்லேக்குத் தெம்பு வந்துவிட்டது. கால்மணி நேரம் வெளுத்து வாங்கினார். இந்த மலைக்கே விளக்காக இருந்த உயிர் என்றார், இனி இங்கே செர்ரி பூக்காது என்றார். பேசப் பேச அந்த உயிரின் மேல் அவருக்கே பாசம் பொங்கி, நிஜமாகவே விக்கினார். பர்பர் தேம்பினார். மண்டபமே மூக்கைச் சிந்தியது.

அப்போது கதவு திறந்து பனிக்காற்று உள்ளே பாய்ந்தது.

"கதவைச் சாத்து!" நாற்பது குரலும் ஒன்றாகக் கத்தின. அழுகை சட்டென நின்றுபோயிருந்தது.

வந்தவன் மில்ஹெம். மண்டபத்தையும் தேவாலய மணியையும் பார்த்துக்கொள்கிறவன். அவன் கயிற்றை இழுக்காமல் அந்த ஊரில் எவருக்கும் சாவு கிடையாது. கையில் ஒரு ஸ்பானர் இருந்தது.

"தண்ணிக் குழாய் உறைஞ்சு கிடந்துது, இளகட்டும்னு அடுப்பைப் பத்த வச்சுட்டு, ஸ்பானர் வாங்கக் கீழே போயிருந்தேன்," என்றபடி மில்ஹெம் ஈரக் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

"மணிகூட அடிக்காம யாரைய்யா புதைச்சீங்க?"