நாளை முதல் இணையதளத்தில்

“உங்க வீட்டுல ஆம்பளக் குரலே கேக்கலையேக்கா. வீட்டுக்காரர் வெளியூரா?” என்று கேட்டாள், எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். போன வாரம், மாடியில் துணி உலர்த்தும்போது.

“இங்கதான் இருக்காரு. பேச மாட்டாரு. பையன் தவறினதுலேர்ந்து ஒரு வார்த்தை கிடையாது.”

“ஐயோ! எப்படிக்கா பொழுதை ஓட்டுறீங்க?”

“அதான் ஆபீஸ் இருக்கே!” சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த ஆபீசில் அவளுடைய பிரிவுக்கு இன்று கடைசி நாள்.

அரசிதழ் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. அரசாங்கம் போடும் விதிகளை எதிரே உட்கார்ந்திருப்பவர் மூலத்திலிருந்து உரக்க வாசிப்பார். அவள் அச்சான தாளில் பிழை தேடுவாள். காற்புள்ளியைக்கூட விடாத அந்தக் கனத்த குரலில் தராசுக்கு முத்திரை குத்தும் விதியும் அவளுக்குச் சங்கீதம்தான்.

இன்று அவர் சட்டையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கியது. நேற்றே தைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பைண்டர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, நாளையிலேர்ந்து ரேடியோ நின்னுடுமா?”

“உங்க பசை வாளியும்தான் காயப்போகுது, போங்கண்ணே!”

பழைய தொகுதிகள் எல்லாம் மூட்டையாகிக் கிடங்குக்குப் போய்விட்டன. நாளை முதல் வாசிப்பவருக்கும் கிடங்கில்தான் வேலை. அவளுக்குத் தபால் பிரிவு.

“இனி எந்த விதியும் காற்புள்ளி எந்தத் திருத்தமும் காற்புள்ளி தாளில் அச்சிடப்பட மாட்டாது முற்றுப்புள்ளி,” என்று கடைசித் தாளை வாசித்தார். “இணையதளத்தில் வெளியாகும் நாளே அமலுக்கு வரும் நாள் முற்றுப்புள்ளி.”

பிழை ஒன்றும் இல்லை. “இன்னொரு தடவை,” என்றாள். வாசித்தார்.

“இன்னொரு தடவை.”

முகம் சுளிக்காமல் மறுபடியும் வாசித்தார். அதற்குமேல் கேட்க அவளிடம் சாக்கு இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேலை முடிந்துவிட்டால் அந்த வாயிலிருந்து முத்து உதிராது என்பது அவளுக்குத் தெரியும். இனி வேலையும் இல்லை.

இத்தனை காலம் கேட்காததை, அவர் கதவை எட்டுமுன் கேட்டுவிட்டாள்.

“என்னங்க... நம்ம வீட்டுலயும் எதையாவது படிச்சுக் காட்டுங்களேன்.”