கடைசிப் பெயர்

"இந்த சசிதருங்கறவரு நெறைய எழுதியிருக்காருங்களே, யாருங்க மேடம் அவரு?" என்று கேட்டார் நூலகர் ஜெபமணி.

அம்புஜம் திரையைப் பார்த்தாள். அவளுடைய புதிய கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஆதாரம் காட்டும் மூன்று அடைப்புக்குறிகள். மூன்றிலும் சசிதர்.

"தெரிஞ்சவருதானுங்க" என்றாள்.

சனிக்கிழமை மதியம். கல்லூரி நூலகத்தில் வேறு யாரும் இல்லை. மேற்கோள்களைச் சேர்த்துவைக்க அவள் பதினாறு வருடமாகப் பயன்படுத்திய மென்பொருளுக்குக் கல்லூரி இந்த முறை சந்தா கட்டவில்லை. ஜெபமணி இலவசமாகக் கிடைக்கும் இரண்டைக் காட்டினார். ஒன்று பார்க்க அழகாக இருந்தது. இன்னொன்று பழைய குறிப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளும் என்றார்.

அவள் இரண்டாவதைக் கேட்டாள்.

அறுநூற்று நாற்பது பதிவுகளும் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தன. ஜெபமணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. சாப்பிடப் போனார்.

அவள் முதல் அடைப்புக்குறியைத் தொட்டாள். சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்கிறவர்களின் கேட்கும் திறன், 2009.

காதைச் சோதிக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் பஸ்ஸில் போனது அவள்தான். தறிச் சத்தத்தில் காது மந்தமான பெண்களிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கத்திக் கேட்டது அவள்தான். எழுதியதும் அவள்தான்.

அப்போது அவள் அம்புஜம் சசிதர்.

சசிதர் அந்தக் கட்டுரையைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

விவாகரத்துக்குப் பிறகு அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். அடுத்து வந்த ஐந்து கட்டுரைகளும் அம்புஜம் வேங்கடசாமி. தம்பி உதய் மகள் ஹர்ஷிணியின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா குடும்பத்தில் எல்லோர் பெயரையும் போட்டார். அவள் பெயரை விட்டுவிட்டார்.

அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு வரிக்கு அந்த 2009 கட்டுரையையும் பின்னால் வந்த ஐந்தில் ஒன்றையும் ஆதாரமாகக் காட்டியிருந்தாள். மென்பொருளுக்குப் பெயரின் கடைசிப் பகுதி போதும். ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது.

(சசிதர், 2009; வேங்கடசாமி, 2021)

கோர்ட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவள் ஒரு எழுத்தாகக்கூட இல்லை.

ஜெபமணி திரும்பி வந்ததும், எழுதியவர் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டாள். அவர் அந்தப் பதிவைத் திறந்து முழுப் பெயரையும் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அச்சுல வந்தது வந்ததுதானுங்க மேடம், மாத்தக் கூடாதுங்க. இனி எழுதறதுக்கு உங்க இஷ்டமுங்க."

அவள் ஆய்விதழின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். கட்டுரையை ஏற்றிவிட்டுப் படிவத்துக்கு வந்தாள்.

முதல் பெயர்: அம்புஜம்.

கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது.

ஜெபமணி ஒவ்வொரு மின்விசிறியாக நிறுத்திக்கொண்டு வந்தார். அவள் தலைக்கு மேல் ஓடியதை மட்டும் விட்டுவைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கட்டத்திலும் அவள் அம்புஜம் என்றே அடித்தாள்.

படிவம் ஏற்றுக்கொண்டது.